கொசு உள்ளானும் ஆறு மணிப் பட்டியலும்

ஒரு காட்டில் என்றதும் ஆலமரம், குகை, கர்ஜிக்கிற சிங்கம் என்று கிளம்பிவிடாதீர்கள். இது கடலோரத்து அலையாத்திக் காடு. மரங்களே முழங்கால் வரை சேற்றில் நின்றுகொண்டு, "நம்மள யாருடா இங்க கொண்டாந்து நட்டது?" என்று ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும் காடு. சிங்கம் வந்தால் இரண்டாவது அடியிலேயே காலைப் பிடுங்க ஆள் கூப்பிடும். அந்தக் காட்டின் ஓரத்தில் ஓர் ஆறு, கடலில் கலப்பதா, இப்படியே இருந்துவிடுவதா என்று இரண்டு மைல் அகலத்துக்கு யோசித்தபடி படுத்துக் கிடந்தது. அந்த இடத்துக்கு முகத்துவாரம் என்று பெயர்.

வடக்கே பனி கொட்ட ஆரம்பித்ததும் ஐப்பசியில் வெளியூர்ப் பறவைகள் அங்கே வந்து இறங்கும். தண்ணீர் வடிந்தால் ஒரு பெரிய சேற்றுத் திட்டு வெளியே தெரியும். அதில் புழு தோண்டித் தின்று, உடம்பில் கொழுப்பு ஏற்றிக்கொண்டு, சித்திரையில் ஊர் திரும்பும். வந்ததிலேயே சின்னப் பறவை கொசு உள்ளான். பெயரிலேயே கொசு. எடை அரை எலுமிச்சம்பழம். நிறம், சேற்றின் நிறம். சேற்றில் அது ஓடினால் சேறே நகர்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். அந்தக் கொசு உள்ளான் கூட்டத்தில் குறுணை என்று ஒருத்தி இருந்தாள்.

முகத்துவாரத்தில் ஒரு சட்டம் உண்டு. தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கும். காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை. எந்த இனத்தின் பெயர் பட்டியலில் ஏறுகிறதோ, அந்த இனத்துக்குச் சேற்றுத் திட்டில் குச்சி நட்டு இடம் பிரித்துக் கொடுப்பார்கள். பெயர் ஏறாத இனம் இறால் பண்ணைக் கழிவு வாய்க்கால் ஓரமாகப் போய்ப் பிழைத்துக்கொள்ள வேண்டும். மீறித் திட்டில் கால் வைத்தால், மேலே சுற்றும் செம்பருந்து கீழே இறங்கிவந்து விசாரிக்கும். அது விசாரித்த பறவை எதுவும் திரும்பி வந்து என்ன கேட்டது என்று சொன்னதில்லை.

போன வருடம் கொசு உள்ளான்கள் நாற்பது பேர் வந்திருந்தார்கள். பட்டியலில், 'சின்னதாக ஏதோ ஓடியது' என்று எழுதியிருந்தது. ஏதோவுக்கு இடம் கிடையாது. குளிர்காலம் முழுக்கக் கழிவு வாய்க்கால்தான். சித்திரையில் கிளம்பும்போது இருபத்தாறு பேருக்குத்தான் பறக்கத் தெம்பு இருந்தது. மிச்சம் பதினாலு பேர், "நீங்க போங்க, நாங்க பின்னாடியே வர்றோம்" என்றார்கள். வரவில்லை. அதில் ஒருத்தி குறுணையின் தங்கை.

இந்த வருடம் குஞ்சு குளுவானோடு முப்பத்தொரு பேர் வந்திருந்தார்கள். கூட்டம் கூடிப் பேசி, வாயாடி என்ற ஒரே தகுதியில் குறுணையைத் தேர்ந்தெடுத்தது. "எப்படியாவது ஆறு மணிக்குள்ள நம்ம பேர ஏத்திட்டு வா."

ஞாயிறு விடிந்தது. அலை மணலை நக்கிக்கொண்டிருந்தது. கடற்கரையில் கணக்கெடுப்புக் குழு கூடியது. குழு என்றால் மூன்று பேர். தலைவர் நீர்நாய் அரங்கண்ணல். மூன்று கால் வைத்த பெரிய தொலைநோக்கியோடு வந்திருந்தார். எழுத்தர் நண்டு பஞ்சாட்சரம். ஒரு கொடுக்கில் பேனா, மறு கொடுக்கில் படிவக் கட்டு. புகைப்படக்காரர் குள்ளநரி ரெக்சன். கழுத்தில் தொங்கிய லென்ஸ் அவரைவிட நீளம். கணக்கெடுப்பு நாளில் யாரும் யாரையும் தின்னக் கூடாது என்பது விதி. அதனால் குழுவில் எல்லோருமே அன்றைக்குக் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருப்பார்கள். பஞ்சாட்சரம் மட்டும் உற்சாகமாக இருப்பார். நீர்நாய்க்கு முன்னால் அவர் தைரியமாக உட்காருவது வருடத்தில் அந்த ஒரு நாள்தான். புழுக்களுக்கு இந்த விதி உண்டா என்று யாரும் கேட்கவில்லை.

அரங்கண்ணல் தொண்டையைச் செருமினார்.

"பேரன்பு கொண்ட பெருமக்களே! விடியலின் விளிம்பினிலே, அலைகளின் மடியினிலே, அறிவியலின் வழியினிலே, இன்று நாம் இங்கே..."

"ஐயா, ஆறு பத்து ஆயிடுச்சு" என்றார் பஞ்சாட்சரம். "டீயும் வரல."

"...தொடங்குகிறோம்" என்று முடித்துவிட்டு அரங்கண்ணல் தொலைநோக்கியில் கண்ணை வைத்தார். குறுணை குடுகுடுவென்று ஓடி அவர் காலடியில் போய் நின்றாள்.

"ஐயா, வணக்கம்ங்க. நான் கொசு உள்ளான். எழுதிக்குங்க."

"யாரது? லென்ஸ் ஓரத்தில் ஏதோ மங்கலாகத் தெரிகிறதே!"

"நான்தாங்க. கீழ பாருங்க, உங்க கால்கிட்ட."

"அம்மா, இது எண்பது மடங்கு பெரிதாக்கும் கருவி. ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பதை அழகாகக் காட்டும். காலடியில் இருப்பதற்கு இதில் வசதி இல்லை."

"அப்ப கண்ணால பாருங்களேன்."

அரங்கண்ணலுக்கு மீசை விறைத்தது. "வெறும் கண்ணாலா? வெறும் கண்ணால் பார்த்ததை எப்படியம்மா நம்புவது?"

சரி என்று குறுணை ஒரு கிலோமீட்டர் பறந்துபோய் ஈர மணலில் நெஞ்சை நிமிர்த்தி நின்றாள். அதற்குள் தொலைநோக்கி ஓர் ஆலாப் பறவையைத் துரத்திக்கொண்டு கடல் பக்கம் திரும்பிவிட்டது. அவள் கடல் பக்கம் பறந்தாள். அது மணல் மேட்டுக்குத் திரும்பியது. மணல் மேட்டுக்குப் பறந்தாள். மூச்சு வாங்க அவள் போய் இறங்கியபோது, கருவியை மடக்கித் தோளில் போட்டுக்கொண்டு குழு கிளம்பியிருந்தது.

"என்னடி குறுணை, ஏறிட்டியா?"

கேட்டது பவளக்காலி. சிவப்புக் காலும் ஊருக்கே கேட்கும் தொண்டையும் உள்ள உள்ளான். ஆபத்து வந்தால் கத்தி எல்லோரையும் கிளப்பிவிடுவது அவள் வேலை. அது இல்லாத நேரத்திலும் கத்துவாள்.

"இல்ல பவளக்கா. அவரு தூரத்துல இருக்கறதத்தான் பாப்பாராம்."

"நான் வருசா வருசம் எப்படி ஏறுறேன்? கத்துறதுலதான்! சரி, அடுத்த ஸ்டாப்பிங் உப்பளம். ஓடு ஓடு, படியில நிக்காத, உள்ள போ, முன்னாடி எடம் கெடக்கு பாரு!"

உப்பளத்தில் பூநாரைகள் நின்றிருந்தன. இளஞ்சிவப்புப் பட்டு, நீளக் கழுத்து, முகத்தில் எதைப் பார்த்தாலும் குறை கண்டுபிடிக்கிற தோரணை. கல்யாண வீட்டில் முதல் பந்திக்குக் காத்திருப்பவர்களைப் போல நின்றபடியே குனிந்து குனிந்து பேசிக்கொண்டிருந்தன.

"யாரு வீட்டுப் பொண்ணுடி இது?"

"வடக்கேருந்து வந்துருக்காம்."

"ரொம்ப எளச்சுப் போயிருக்கே, பாவம்."

"எளைக்கல. அதோட அளவே அவ்ளோதான்."

"நீங்க பட்டியல்ல ஏறிட்டீங்களா, அத்தை?" என்று கேட்டாள் குறுணை.

"ஏழு தடவ ஏறிட்டோம்மா" என்று அலுத்துக்கொண்டது மூத்த பூநாரை. "நாங்க நூத்திப் பத்து பேரு. யாராவது ஒருத்தி கால மாத்தி வச்சா, மறுபடி ஒண்ணுலேருந்து எண்ணிப் பழசோட கூட்டிடறாங்க. எழுநூத்தி எழுவதுல வந்து நிக்குது. வேண்டாம்னா விட மாட்டேங்கறாங்க."

வரப்பில் வயிறு பட ரெக்சன் படுத்திருந்தார். ஒரு கண் கேமராவில். வாயோரத்தில் எச்சில் நூலாக இறங்கிக்கொண்டிருந்தது. கலை ஆர்வம் என்று குழுவில் சொல்லிக்கொள்வார்கள்.

"வாங்க மக்களே வாங்க! இன்னிக்கு நம்ம சேனல்ல பாக்கப்போறது வேற லெவல் பிங்க் கலர் சம்பவம்! லெக் பீஸ் மட்டும் பாருங்க மக்களே... மன்னிக்கணும், கால் அழகு. கால் அழகு மட்டும் பாருங்க."

"அண்ணே, என்னையும் ஒரு போட்டோ எடுங்களேன். படம் இருந்தா எழுத்தர் எழுதிக்குவாரு."

ரெக்சன் லென்ஸைத் திருப்பி ஒரு கிளிக் அடித்தார். திரையைப் பார்த்தார். விரலால் பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார்.

"தங்கச்சி, நீ மொத்தமா மூணு புள்ளி வந்துருக்க. அதுல ஒண்ணு தூசு. தப்பா நெனைக்காத, உன்னப் போட்டா கல்லுன்னு நெனச்சுத் தள்ளி விட்டுடுவாங்க. போன வாரம் ஒரு கல்லப் போட்டேன், அதுக்கே இருநூறு லைக்கு. ஆனா அது நல்ல கல்லு."

மதியம் ஆனது. தண்ணீர் வடிந்து சேற்றுத் திட்டு பளபளவென்று வெளியே வந்தது. அந்தத் திட்டின் நடுவே, ஒரு பழைய படகுப் பலகையின் மேல் படிவங்களைப் பரப்பிக்கொண்டு பஞ்சாட்சரம் உட்கார்ந்திருந்தார். அதற்கு முன்னால் ஒரு வரிசை. குறுணை வரிசையில் நின்றாள். அவள் முறை வந்தபோது வெயில் முதுகைச் சுட்டது.

"இனம்?"

"கொசு உள்ளான்."

"அடையாளம்?"

"காலு கறுப்பா இருக்கும் சார்."

பஞ்சாட்சரம் இரண்டு கண்களையும் குச்சிபோல நீட்டி அவள் காலைப் பார்த்தார். "பழுப்பால்ல இருக்கு."

"அது சேறு சார்."

"கழுவிட்டு வா."

தண்ணீர் நாற்பதடி தள்ளி இருந்தது. குறுணை போய்க் கழுவிக்கொண்டு வந்தாள். வருகிற வழி முழுக்கச் சேறு.

"பழுப்பாத்தான் இருக்கு."

மறுபடி கழுவிவிட்டு, இந்தத் தடவை பறந்து வந்து நேராகப் பலகையின் மேலேயே இறங்கினாள்.

"மேசை மேல ஏறாத! எறங்கு. எறங்கு மொதல்ல!" இறங்கினாள். "ம். பழுப்பு."

"சார், உங்களுக்கே தெரியும்ல சார், நான் கொசு உள்ளான்னு?"

"எனக்குத் தெரியும்மா. படிவத்துக்குத் தெரியணும்ல." குரலைத் தணித்துக்கொண்டு, ஏதோ உதவி செய்கிறவர்போலச் சொன்னார்: "ஒண்ணு பண்ணு. கல்யாணக் கோலத்துல எடுத்த படம் வச்சிருக்கியா? செம்பட்டையா இறகு மாறுமே, அது. அது இருந்தா காலே வேண்டாம்."

"அது ஆனி மாசம் வடக்க போனப்புறம்தான் சார் மாறும்."

"அப்ப ஆனி மாசம் வா."

"ஆனியில நான் இங்க இருக்க மாட்டேனே சார்."

"இல்லாத ஆள நான் எப்படிம்மா எண்ணுறது? அடுத்த ஆள் வா." அடுத்த ஆள் வருவதற்குள், "சாப்பாட்டு நேரம்" என்று பக்கவாட்டில் நடந்து வளைக்குள் போய்விட்டார்.

மணி நான்கு. தண்ணீர் மெல்ல ஏற ஆரம்பித்திருந்தது. குறுணை திட்டின் விளிம்பில் தனியாக நின்றாள். தூரத்தில் கழிவு வாய்க்கால் பக்கம் முப்பது தலைகள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. அவளுக்குக் கூட்டத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள். குனிந்த இடத்தில் புழு மாதிரி ஏதோ நெளிந்தது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. சடக்கென்று குத்தினாள்.

அது புழு இல்லை. வாயைத் திறந்து வைத்துக்கொண்டு தன் பாட்டுக்கு உட்கார்ந்திருந்த மட்டிச் சிப்பி. நாக்கு மாதிரி வெளியே நீட்டியிருந்த பாகத்தில் குத்து விழுந்ததும், பட்டென்று ஓட்டை மூடிக்கொண்டது. குறுணையின் மூக்கு நுனி உள்ளே.

உதறினாள். வரவில்லை. கல்லில் தேய்த்தாள். வரவில்லை. விரல் நகம் அளவு மட்டி, மூக்கு நுனியில் இரண்டு பக்கமும் தட்டையாக விரிந்து, கறுப்பாக, வரிவரியாகப் பளபளத்துக்கொண்டு நின்றது. பவளக்காலியிடம் ஓடினாள்.

"ம்ம்ப்! ம்ம்ம்ப்!"

பவளக்காலி பார்த்தாள். சிரித்த சிரிப்பில் ஒரு கால் சேற்றில் புதைந்துவிட்டது. "அடியே! மூக்குல கரண்டியச் சொருகிட்டு எந்தப் பந்திக்குடி பரிமாறப் போற?"

அந்த நேரம் பார்த்து, காட்டோர மேட்டில் அரங்கண்ணல் தொலைநோக்கியைத் திருப்பினார். தூரம் சரியாக ஒரு கிலோமீட்டர்.

பிறந்ததிலிருந்து நிறுத்தாமல் பேசிக்கொண்டிருந்த அவர் வாய், அன்றைக்குத்தான் நின்றது. "க... க... கர..."

"கரப்பானா?" என்றார் ரெக்சன்.

"கரண்டிமூக்கு உள்ளான்!"

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். கரண்டிமூக்கு உள்ளான் என்பது உலகத்திலேயே மிகச் சொற்பமாக மிச்சமிருக்கும் பறவை. பார்க்க அச்சு அசல் கொசு உள்ளான் மாதிரிதான் இருக்கும். மூக்கு நுனி மட்டும் கரண்டிபோலத் தட்டையாக இருக்கும். பறவை பார்க்கிறவர்கள் அதற்காக ஆயுள் முழுக்கச் சேற்றில் நிற்பார்கள். அரங்கண்ணலின் அப்பா அதைப் பார்க்காமலே கண்ணை மூடினார். தாத்தா பார்த்துவிட்டதாகச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார். வீட்டில் யாரும் நம்பவில்லை.

மூவரும் ஓடிவந்தார்கள். அரங்கண்ணல் வழுக்கிக்கொண்டு வந்தார். ரெக்சன் லென்ஸைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வந்தார். பஞ்சாட்சரம் பக்கவாட்டில் வந்ததால் பத்தடி தள்ளிப்போய்ச் சேர்ந்து, திரும்பி வந்தார்.

"ம்ம்ப்!" என்றாள் குறுணை. 'ஐயா, இது மட்டிங்க' என்பது அதன் பொருள்.

"குரல்! குரலைக் கேட்டீர்களா? மூக்கு வழியாக வருகிறது பாருங்கள்! எழுதுங்கள் பஞ்சாட்சரம், எழுதுங்கள்!"

"ஐயா, கால் பழுப்பா இருக்கே. கழுவச் சொல்லலாமா?"

"யாரைப் பார்த்து என்ன சொல்கிறீர்! அபூர்வத்தின் காலில் ஒட்டிய சேறும் அபூர்வமய்யா!"

ரெக்சன் முன்னால் ஒன்று, பக்கத்தில் ஒன்று, மூக்கை மட்டும் நாற்பது என்று எடுத்துத் தள்ளினார். "மக்களே! பெரிய சம்பவம் மக்களே!" பஞ்சாட்சரம் எழுதினார்: கரண்டிமூக்கு உள்ளான், ஒன்று. அரங்கண்ணல் அங்கேயே உத்தரவு போட்டார்: "திட்டின் தெற்கு மூலை முழுவதும் இந்தப் பறவைக்கு. புழு அதிகமுள்ள இடம். வேறு எந்த இனமும் உள்ளே வரக் கூடாது. ஆறு மணிக்குக் கையெழுத்து."

தெற்கு மூலை! முகத்துவாரத்திலேயே கொழுத்த சேறு. குறுணைக்குக் கண் விரிந்தது. அடுத்த நொடியே சுருங்கியது. எழுதியிருப்பது கரண்டிமூக்கு, ஒன்று. கூட்டத்தில் யாரும் அங்கே கால் வைக்க முடியாது. முப்பது பேரும் கழிவு வாய்க்காலில் கிடக்க, ஒருத்தி மட்டும் தெற்கு மூலையில் தின்று கொழுப்பதா? உண்மையைச் சொன்னாலோ அதுவும் போச்சு. இருக்கிற ஒன்றைக் காப்பாற்றுவதா, இல்லாத முப்பதுக்காகக் கத்துவதா?

பவளக்காலி பக்கத்தில் வந்து காதோடு கிசுகிசுத்தாள். அவள் கிசுகிசுத்தால் அடுத்த கரை வரை கேட்கும். நல்லவேளை, குழு கொண்டாட்டத்தில் இருந்தது.

"வாய மூடிட்டு இரு. மூடித்தான் இருக்கு, அப்படியே வச்சுக்க. மொதல்ல ஒண்ணு ஏறட்டும். அப்புறம் மத்தவங்கள எப்படி ஏத்தறதுன்னு பாப்போம். வண்டிய விட்டுட்டு நிக்காத!"

ஆனால் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. மட்டி தண்ணீரைத் தொட்டால் வாயைத் திறந்துவிடும். குறுணை நுனிக்காலில் நின்று மூக்கை வானத்துக்குத் தூக்கிக்கொண்டாள். அலை வந்தது, இன்னும் தூக்கினாள்.

"அந்தக் கம்பீரத்தைப் பாருங்கள்!" என்று உருகினார் அரங்கண்ணல். "நம்மையெல்லாம் ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை!"

ஐந்தரை மணிக்கு, கடல் பக்கமிருந்து ஒரு சின்னப் பறவை தள்ளாடித் தள்ளாடி வந்து படகுப் பலகைக்கு முன்னால் இறங்கியது. இறகெல்லாம் பிய்ந்திருந்தது. மூக்கு நுனி, பிறவியிலேயே, ஒரு சின்னக் கரண்டிபோலத் தட்டையாக இருந்தது.

"வணக்கம்ங்க. என் பேரு தணிகாசலம். வழியில புயல்ல மாட்டி வழி தப்பிடுச்சு, தாமதத்துக்கு மன்னிக்கணும். கரண்டிமூக்கு உள்ளான்ங்க. ஒரு ஓரமா எடம் கெடைச்சாப் போதும்."

பஞ்சாட்சரம் நிமிரவே இல்லை. "கரண்டிமூக்கு முடிஞ்சுது. ஒண்ணு வந்தாச்சு."

"ரெண்டாவதா எழுதிக்குங்களேன்."

அரங்கண்ணல் தலையாட்டினார். "தம்பி, அபூர்வம் என்பது ஒன்று வருவது. ஒரே நாளில் இரண்டு வந்தால் அதற்கு அபூர்வம் என்று பெயரில்லை. பட்டியலை மேலே அனுப்பினால் சிரிப்பார்கள்."

ரெக்சன் கேமராத் திரையைத் தணிகாசலத்தின் முகத்துக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். "ப்ரோ, ஒரிஜினல் இதோ. கரண்டி எப்படி வரிவரியா, பளபளன்னு இருக்கு பாத்தியா? உன்னுது மொழுக்குன்னு இருக்கு. ஃபினிஷிங் பத்தல."

"இது பொறவியிலேயே இப்படித்தாங்க."

"மூக்குல சேறு ஒட்டிருக்கு" என்று தீர்ப்பு சொன்னார் பஞ்சாட்சரம். "கழுவிட்டு வா."

தணிகாசலம் போய், தண்ணீரில் நின்று, மூக்கை நன்றாகக் கழுவிக்கொண்டு வந்தார். அதற்குள் தண்ணீர் பலகை வரை ஏறியிருந்ததால் வருகிற வழியில் சேறே இல்லை.

"போகலைங்க."

"நல்லாத் தேச்சியா?"

"தேச்சேன்ங்க. பொறந்ததுலேருந்து இருக்குதுங்க."

"பொறந்ததுலேருந்து கழுவலன்னு சொல்லு."

குறுணைக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. பத்தடி தள்ளி நின்றவள் சிறகை அடித்துக்கொண்டு பாய்ந்து வந்து தணிகாசலத்துக்கு முன்னால் நின்றாள். "ம்ம்ம்ப்! ம்ம்ப் ம்ம்ம்ப்!" 'அவருதான்யா அது, நான் வெறும் மட்டி மாட்டினவ!' என்பது அதன் பொருள்.

"பாருங்கள், பாருங்கள்!" என்றார் அரங்கண்ணல் புல்லரித்துப்போய். "போலியைக் கண்டதும் உண்மைக்கு எவ்வளவு கோபம்!"

தணிகாசலம் குறுணையின் மூக்கைப் பார்த்தார். மட்டியைப் பார்த்தார். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல், புயலில் அடிபட்டவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "ஐயா, நான் யாராவே வேணா இருந்துட்டுப் போறேன். பசிக்குதுங்க."

மணி ஐந்து ஐம்பத்தைந்து. வந்தவரை ஏதாவது ஒன்றாக எழுதித்தானே ஆக வேண்டும். அரங்கண்ணல் புத்தகத்தைப் புரட்டினார். "மூக்கில் உள்ள அழுக்கை விட்டுவிட்டுப் பார்த்தால், உருவம், அளவு, முதுகு எல்லாமே கொசு உள்ளான். கால் என்ன நிறம்?"

பஞ்சாட்சரம் கண்களை நீட்டினார். கால் இப்போதுதான் கழுவியது. "கறுப்பு! நல்ல கறுப்பு ஐயா. இப்படி ஒரு சுத்தமான காலை இன்னிக்குத்தான் பாக்கறேன்."

எழுதினார்: கொசு உள்ளான், ஒன்று. மூக்கில் அழுக்கு.

பவளக்காலிக்கு மட்டும் உடனே புரிந்துவிட்டது. கழிவு வாய்க்கால் பக்கம் திரும்பி, நுரையீரலில் இருந்த காற்றையெல்லாம் கூட்டிக் கத்தினாள்: "கொசு உள்ளான் ஏறியாச்சு! ஏறியாச்சு! எல்லாரும் வாங்க, இறங்கறவங்க இல்ல, ஏறுறவங்க மட்டும் வாங்க!"

ஆறு மணிக்கு அரங்கண்ணல் கையெழுத்துப் போட்டார். ஆறு மணி ஒரு நிமிடத்துக்கு ஒரு பெரிய அலை வந்து குறுணையின் முகத்தில் அடித்தது. மட்டி வாயைத் திறந்து, சொல்லாமல் கொள்ளாமல் தண்ணீருக்குள் போயிற்று. கணக்கெடுப்பு முடிந்துவிட்டதால் பஞ்சாட்சரமும் அதே வேகத்தில் வளைக்குள் போனார். அவருக்குப் பின்னாலேயே நீர்நாயின் வயிறு உறுமுகிற சத்தம் கேட்டது.

மறுநாள் திட்டில் குச்சி நட்டார்கள். வடக்கு ஓரத்தில் கொசு உள்ளான்களுக்கு நல்ல நீளமான துண்டு. முப்பது பேரும் தணிகாசலமும் அதில் இறங்கினார்கள். தெற்கு மூலையில் குறுணை மட்டும்.

"அண்ணே, இது உங்க எடம். நீங்க இங்க வாங்க, நான் அங்க போறேன்" என்றாள் குறுணை.

"வேண்டாம்மா. பட்டியல் மாறினாச் செம்பருந்து கேக்கும். நான் இப்போ கொசு உள்ளான்தான். உங்காளுங்க நல்லாப் பாத்துக்கறாங்க. ஒரு பெரியம்மா என் மூக்க மூணு தடவ தொடச்சு விட்டுட்டாங்க, அதான் கொஞ்சம் எரியுது."

சேதி பரவி, அபூர்வத்தைப் பார்க்கக் காடு முழுக்கத் திரண்டு வந்தது. குறுணையின் மூக்கில்தான் இப்போது ஒன்றுமில்லையே! அரங்கண்ணல் தொலைநோக்கியில் ஒரு மணி நேரம் பார்த்தார். கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"பெருமக்களே! இதுவரை எந்தப் புத்தகத்திலும் இல்லாத உண்மையை நாம் இன்று கண்டுபிடித்திருக்கிறோம். கரண்டிமூக்கு உள்ளானின் கரண்டி, தை மாதத்தில் உதிர்ந்துவிடும்!"

எல்லோரும் கைதட்டினார்கள். வேலிக்குச்சிக்கு அந்தப் பக்கம் நின்ற தணிகாசலமும் தட்டினார்.

சித்திரை வந்தது. முப்பத்தொரு கொசு உள்ளான்களும் கழுத்தே தெரியாத அளவுக்குக் கொழுத்திருந்தார்கள். "நாங்க பின்னாடி வர்றோம்" என்று இந்த வருடம் யாரும் சொல்லவில்லை. பாதி வழி வரை ஒன்றாகப் போகலாம் என்று தணிகாசலமும் சேர்ந்துகொண்டார். மேகத்துக்குப் பக்கத்தில் பறக்கும்போது மெதுவாகக் கேட்டார்.

"ஏம்மா குறுணை, அடுத்த வருசம் நான் காலையில ஆறு மணிக்கே போய் நின்னுட்டா, கரண்டிமூக்குன்னு நம்புவாங்களா?"

குறுணை சிறகை ஒரு தடவை அடித்து அவர் பக்கத்தில் வந்தாள்.

"சும்மா போனா நம்ப மாட்டாங்க, அண்ணே. மூக்குல ஒரு மட்டிய மாட்டிக்கிட்டுப் போங்க."

நீதி: மூக்கில் ஏதாவது ஒட்டிக்கொண்டால், பட்டியலில் கையெழுத்து விழும் வரை துடைக்காதீர்கள். பிறவியிலேயே ஒட்டியிருந்தால், அதன் மேல் இன்னொன்றை ஒட்டிக்கொள்ளுங்கள்.